பழைய ஃப்ளாப்பி டிரைவில் மோட்டார் கோளாறு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பரணில் முப்பது வருடம் கிடந்த கணினியை இறக்கி, தூசி தட்டி, மின்சாரம் கொடுத்துப் பார்ப்பவர்கள் முதலில் முட்டி நிற்கும் இடம் ஃப்ளாப்பி டிரைவ். வட்டு சுற்றவில்லை என்றதும் மோட்டார் போய்விட்டது என்று முடிவு கட்டி, டிரைவைப் பழைய இரும்புக் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள். எனக்கு அது பொறுக்கவில்லை. என் மேசைக்கு வந்த டிரைவுகளில் மோட்டாரே செத்துப்போனவை மிகச் சில. மற்றவற்றில் பெல்ட், கிரீஸ், கெப்பாசிட்டர், மின்சாரம் என்று கோளாறு வேறெங்கோ இருந்தது. இந்த டிரைவுகளை இன்று யாரும் புதிதாகச் செய்வதில்லை. இருப்பதைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணத்தில்தான், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன்.

விளக்கு எரிகிறது. வட்டு மட்டும் சுற்றவே இல்லை. மோட்டார் எரிந்துவிட்டதா?

அவசரப்பட வேண்டாம். 5.25 அங்குல டிரைவில் விளக்கும் மின்னணுச் சுற்றும் 5 வோல்ட்டில் இயங்குகின்றன. மோட்டார் 12 வோல்ட்டில் ஓடுகிறது. 12 வோல்ட் வராவிட்டாலும் விளக்கு எரியும், வட்டு அசையாது. எனவே திருப்புளியை எடுப்பதற்கு முன் மல்டிமீட்டரை எடுங்கள். பிசி வகை நான்கு கம்பிச் செருகியில் மஞ்சள் 12 வோல்ட், சிவப்பு 5 வோல்ட், நடுவில் உள்ள இரண்டு கறுப்பும் கிரவுண்ட். மற்ற நிறுவனக் கணினிகளில் கம்பி நிறத்தை நம்பாதீர்கள், அளந்து பாருங்கள்.

மோட்டார் நின்றிருக்கும்போது மட்டும் அளப்பது போதாது. புறப்படும் நொடியில் மோட்டார் இழுக்கும் மின்னோட்டம் சீராக ஓடும்போது இழுப்பதைவிட அதிகம். பழைய பவர் சப்ளை சும்மா இருக்கையில் 12 வோல்ட் காட்டும். மோட்டார் புறப்பட்டதும் சரிந்துவிடும். மீட்டர் முனைகளை வைத்தபடியே டிரைவை இயக்கிப் பார்த்தால்தான் இது தெரியும்.

3.5 அங்குல டிரைவுகளில் பிற்காலத்தில் வந்த பலவும் 5 வோல்ட்டிலேயே ஓடுகின்றன. அவற்றில் 12 வோல்ட்டைத் தேட வேண்டியதில்லை.

சத்தம் வருகிறது, ஆனால் படிக்கவில்லை. எந்த மோட்டாரில் கோளாறு என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

டிரைவுக்குள் குறைந்தது இரண்டு மோட்டார்கள் உண்டு. வட்டைச் சுற்றுவது ஒன்று. வட்டைப் படித்து எழுதும் ஹெட்டை உள்ளும் வெளியும் நகர்த்தும் ஸ்டெப்பர் மோட்டார் மற்றொன்று. தொடர்ந்து வரும் ‘விர்ர்’ முதலாவதன் சத்தம். விட்டு விட்டு வரும் ‘கடகட’ இரண்டாவதன் சத்தம். ‘கடகட’ மட்டும் வந்து ‘விர்ர்’ இல்லையென்றால் வட்டைச் சுற்றும் மோட்டாரின் பக்கம் போங்கள். இந்தத் தொகுப்பு பெரும்பாலும் அதைப் பற்றியதுதான்.

ஸ்டெப்பர் மோட்டாரைப் பிடித்திருக்கும் திருகுகளை மட்டும் எக்காரணம் கொண்டும் தளர்த்தாதீர்கள். ஹெட் எந்தத் தடத்தில் நிற்கிறது என்பது அந்தத் திருகுகளின் இருப்பைப் பொறுத்தது. ஒருமுறை நகர்ந்துவிட்டால், அதைப் பழைய இடத்தில் நிறுத்தச் சீரமைப்பு வட்டும் அலைக்காட்டியும் வேண்டும்.

கணினியில் இணைக்காமல் மோட்டாரை மட்டும் ஓட்டிப் பார்க்கலாமா?

பார்க்கலாம். சந்தேகத்தைப் பாதியாகக் குறைக்கும் சோதனை இது. 34 ஊசி ரிப்பன் இணைப்பு உள்ள டிரைவுகளில் 16ஆம் ஊசிதான் மோட்டாரை இயக்கும் சமிக்ஞை. அது கிரவுண்டோடு சேர்ந்தால் மோட்டார் ஓட வேண்டும். ஒற்றைப்படை ஊசிகள் கிரவுண்ட் என்பதால், டிரைவுக்கு மின்சாரம் மட்டும் கொடுத்துவிட்டு 15ஐயும் 16ஐயும் ஒரு சிறு கம்பியால் இணைத்தால் போதும். சில டிரைவுகள், ‘உன்னைத்தான் அழைக்கிறேன்’ என்று கணினி சொல்லும் தேர்வு சமிக்ஞையும் வந்தால்தான் அசையும். பிசிக்காக ஜம்பர் (ஊசிகளை இணைக்கும் சிறு செருகி) வைத்த டிரைவில் அது 12ஆம் ஊசி. வட்டு உள்ளே இருப்பதை உணர்ந்த பிறகே ஓடும் டிரைவுகளும் உண்டு, ஆகவே உதவாத வட்டு ஒன்றைப் போட்டுச் சோதியுங்கள்.

இப்படிச் செய்ததும் மோட்டார் ஓடினால் கோளாறு கணினியிலோ ரிப்பன் கேபிளிலோ இருக்கிறது. அப்போது டிரைவைக் கழற்ற வேண்டிய வேலையே இல்லை.

ஆம்ஸ்ட்ராட் கணினியில் ‘டிஸ்க் மிஸ்ஸிங்’ என்றே வருகிறது. வட்டு உள்ளேதானே இருக்கிறது?

இருக்கிறது. ஆனால் சுற்றவில்லை, அல்லது போதிய வேகத்தில் சுற்றவில்லை. 1985இல் வந்த சிபிசி 6128, 1987இல் வந்த ஸ்பெக்ட்ரம் பிளஸ் 3 போன்றவற்றில் உள்ள 3 அங்குல டிரைவுகளுக்கு இது பரம்பரை வியாதி. மோட்டாரிலிருந்து சுழல்சக்கரத்துக்குப் போகும் ரப்பர் பெல்ட் காலப்போக்கில் தொய்ந்துவிடும், இல்லாவிட்டால் உருகிவிடும்.

‘உருகிவிடும்’ என்று நான் சொல்வது உவமை அல்ல. நான் திறந்த முதல் ஆம்ஸ்ட்ராட் டிரைவில் பெல்ட் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாகப் பளபளக்கும் ஒரு கோடு மட்டும் இருந்தது. விரலால் தொட்டேன். தார் போல ஒட்டிக்கொண்டு, விரலை எடுக்க எடுக்க நூலாக நீண்டது. சோப்புப் போட்டும் இரண்டு நாள் நகக்கண்ணில் கறை போகவில்லை. மோட்டாரோ, 12 வோல்ட் கொடுத்ததும் புதிதுபோல ஓடியது.

டிரைவின் அடிப்பக்கச் சர்க்யூட் பலகையைத் தூக்கினால்தான் பெல்ட் தெரியும். ஹெட்டுக்குப் போகும் கம்பிகள் மயிரிழை போன்றவை, பலகையை இழுக்காமல் பக்கவாட்டில் சாய்த்து வையுங்கள். பழைய பெல்ட்டின் பிசினைப் பஞ்சுக் குச்சியில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்துத் துடைக்க வேண்டும். கப்பியிலும் சுழல்சக்கர விளிம்பிலும் கொஞ்சம் பிசின் மிஞ்சினாலும் புதிய பெல்ட் அதில் ஒட்டி ஒட்டி ஓடும். வேகம் சீராக இருக்காது. குச்சி வெள்ளையாகவே திரும்பி வரும்வரை துடையுங்கள். எனக்கு அன்று நாற்பது குச்சிகளுக்கு மேல் ஆயின.

இன்னொரு எச்சரிக்கை. இந்த டிரைவுக்குப் பதிலாகப் பிசியின் 3.5 அங்குல டிரைவைப் பொருத்துகிறவர்கள் உண்டு. மின் செருகி அச்சாகப் பொருந்தும், ஆனால் 5 வோல்ட்டும் 12 வோல்ட்டும் இடம் மாறியிருக்கும். அளக்காமல் செருகினால் டிரைவ் அந்த நொடியே போய்விடும்.

புதிய பெல்ட்டின் அளவை எப்படி முடிவு செய்வது?

பழைய பெல்ட்டை வைத்து அளக்காதீர்கள், அது தொய்ந்து நீண்டிருக்கும். ஒரு நூலை எடுத்து மோட்டார் கப்பியையும் சுழல்சக்கரத்தையும் சுற்றி, பெல்ட் போகும் பாதையின் முழு நீளத்தை அளந்துகொள்ளுங்கள். அதைவிட நூற்றுக்கு ஐந்து முதல் பத்து வரை குறைந்த சுற்றளவுள்ள பெல்ட் சரியாக இருக்கும். பழையது தட்டையா, சதுரமா, உருண்டையா என்பதைப் பார்த்து அதே வடிவில் வாங்குங்கள். அளவுக்கு மீறி இறுக்கமான பெல்ட்டைப் போட்டால் மோட்டாரின் பேரிங் பக்கவாட்டில் இழுபட்டுத் தேயும்.

சென்னையில் இருப்பவர்கள் ரிச்சி தெருவில் டேப் ரெக்கார்டர் பெல்ட் வைத்திருக்கும் கடைகளில் நூலோடு போய்க் கேட்கலாம். பொருந்தும் பெல்ட் சில சமயம் அங்கேயே கிடைத்துவிடும்.

அவசரத்துக்கு ரப்பர் பேண்டு போடலாமா?

மோட்டாருக்கு உயிர் இருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம் போடலாம். வட்டைப் படிக்கப் போடக் கூடாது. ரப்பர் பேண்டின் தடிமன் எங்கும் ஒரே அளவாக இருப்பதில்லை, அதனால் ஒவ்வொரு சுற்றிலும் வேகம் ஏறி இறங்கும்.

மோட்டார் ஓடுகிறது. வேகம் சரியா என்று கருவி எதுவும் இல்லாமல் பார்க்க வழி உண்டா?

உண்டு. எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்த பகுதி இது.

பெல்ட் வைத்த 5.25 அங்குல டிரைவைக் கவிழ்த்துப் பாருங்கள். சுழல்சக்கரத்தின் மேல் வட்டமாகக் கறுப்பு வெள்ளைக் கோடுகள் அச்சிட்டிருக்கும். கொமடோர் 1541இன் பழைய வகைகளிலும், 1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் இருந்த டேண்டன் டிஎம்100இலும் இதைக் காணலாம். பெரும்பாலும் இரண்டு வளையங்கள் இருக்கும்: ஒன்று 50, மற்றொன்று 60. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் விளக்கு நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கிறது. டிரைவ் நிமிடத்துக்கு 300 சுற்று, அதாவது நொடிக்கு 5 சுற்று சுற்ற வேண்டும். வளையத்தில் 20 கோடுகள் இருந்தால், விளக்கு ஒவ்வொரு முறை பிரகாசிக்கும்போதும் ஒரு கோட்டின் இடத்துக்கு அடுத்த கோடு வந்து நிற்கும். சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும், கோடுகள் மட்டும் அசையாமல் நிற்பதுபோலத் தெரியும்.

கோடுகள் சுழலும் திசையிலேயே மெல்ல நகர்ந்தால் வேகம் அதிகம். எதிர்த் திசையில் நகர்ந்தால் குறைவு. எவ்வளவு என்பதையும் எண்ணிவிடலாம்: நொடிக்கு ஒரு கோடு நகர்ந்தால் நூற்றுக்கு ஒரு பங்கு தவறு. இந்த டிரைவுகளில் பலவும் ஒன்றரைப் பங்குவரை பொறுத்துக்கொள்ளும்.

விளக்கைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும். சோக் வைத்த பழைய குழல் விளக்கு மிகச் சிறப்பு. குண்டு பல்பும் ஓரளவு உதவும். இன்றைய எல்ஈடி விளக்குகளில் பல அந்த முறையில் மங்கிப் பிரகாசிப்பதில்லை, அவற்றின் கீழ் கோடுகள் வெறும் சாம்பல் நிறப் படலமாகவே தெரியும்.

வளையத்தை மாற்றிப் பார்த்துவிடாதீர்கள். 60 என்று குறித்த வளையத்தில் 24 கோடுகள் இருக்கும். நம் ஊர் விளக்கில் அந்த வளையத்தைப் பார்த்துக் கோடுகளை நிறுத்தினால் டிரைவ் 250 சுற்றில் நின்றுவிடும். நன்றாக இருந்த டிரைவை இப்படிக் கெடுத்துவிட்டு, மோட்டார் பலவீனமாகிவிட்டது என்று என்னிடம் கொண்டுவந்தவர்கள் உண்டு.

வேகத்தை எங்கே திருத்துவது?

மோட்டாரைக் கட்டுப்படுத்தும் சர்க்யூட் பலகையில் திருப்புளி முனை நுழையும் சிறிய மாறுமின்தடை ஒன்று இருக்கும். தொடுவதற்கு முன் அது நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். டிரைவைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, உள்ளே ஒரு வட்டையும் வைத்து, பிறகு மயிரிழை மயிரிழையாகத் திருப்புங்கள். வட்டு இல்லாமல் திருத்திய வேகம் வட்டு உள்ளே போனதும் குறைய வாய்ப்புண்டு. திருப்பத் திருப்ப வேகம் தாவித் தாவி மாறினால் அந்த மாறுமின்தடையே அழுக்கேறிக் கிடக்கிறது என்று பொருள். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, குறித்த இடத்தின் இருபுறமும் சில முறை திருப்பிவிட்டு மறுபடி பாருங்கள்.

கோடுகளே இல்லாத டிரைவில் இண்டெக்ஸ் சமிக்ஞையைப் பிடிக்க வேண்டும். அது 8ஆம் ஊசியில், சுற்றுக்கு ஒரு முறை வரும். 300 சுற்றுக்கு இடைவெளி 200 மில்லிநொடி. 360 சுற்றுக்குச் சுமார் 166.7 மில்லிநொடி. கிரீஸ்வீசல் போன்ற வட்டுப் படிப்புக் கருவி வைத்திருந்தால் அதுவே வேகத்தைச் சொல்லிவிடும்.

என் டிரைவ் 360 சுற்று காட்டுகிறது. பழுதா?

5.25 அங்குல 1.2 மெகாபைட் டிரைவானால் அதன் இயல்பான வேகமே 360. 8 அங்குல டிரைவுக்கும் அப்படியே. கை வைக்காதீர்கள்.

பெல்ட்டே இல்லாத டிரைவ். மோட்டார் துடிக்கிறது, புறப்படவில்லை. விரலால் தள்ளிவிட்டால் ஓடுகிறது.

இது நேரடிச் சுழற்சி மோட்டார். தட்டையாக, பலகையோடு பலகையாக இருக்கும். இதில் கார்பன் பிரஷ் கிடையாது. காந்தம் எங்கே நிற்கிறது என்பதை ஹால் சென்சார்கள் உணர்ந்து சொல்ல, அதற்கேற்ப ஓர் ஐசி மூன்று சுருள் தொகுதிகளுக்கும் மாற்றி மாற்றி மின்சாரம் அனுப்புகிறது. மூன்றில் ஒரு வழி அறுந்தாலோ, ஒரு சென்சார் ஊமையானாலோ நீங்கள் சொன்னது நடக்கும். சில நிலைகளில் நின்றால் புறப்படும், சில நிலைகளில் நின்றால் துடிக்கும்.

சென்சாரைச் சந்தேகிப்பதற்கு முன் பலகையில் உள்ள சிறிய மின்பகு கெப்பாசிட்டர்களைப் பாருங்கள். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் வந்த 3.5 அங்குல டிரைவுகளில், பலகைமேல் ஒட்டவைத்த அலுமினியக் கெப்பாசிட்டர்கள் கசிவது சகஜம். கசிந்த இடத்தில் ஈயம் பளபளப்பு இழந்து மங்கியிருக்கும். பற்றவைக்கும் கோலை வைத்ததும் மீன் வாடை கிளம்பினால் சந்தேகமே வேண்டாம். அதே மைக்ரோஃபாரட், அதே அளவு அல்லது சற்றுக் கூடுதல் வோல்ட் உள்ள புதியவற்றை, கூட்டல் கழித்தல் முனை மாறாமல் போடுங்கள். பழையதைப் பிடுங்கி எடுக்காதீர்கள், அடியில் உள்ள செம்புத் தடம் அரித்துப் பலவீனமாகியிருக்கும். கசிந்த திரவத்தை ஆல்கஹாலால் நன்றாகக் கழுவிய பிறகு, தடம் எங்கும் அறுபடவில்லை என்பதை மீட்டரால் உறுதி செய்யுங்கள். பல டிரைவுகள் இந்த ஒரு வேலையிலேயே எழுந்து ஓடியிருக்கின்றன.

மோட்டார் நிற்கவே மாட்டேன் என்கிறது.

ஓடுகிற மோட்டாரில் குறை இல்லை, அதை நிறுத்தச் சொல்பவர்தான் சொல்லவில்லை. பிசியில் விளக்கு அணையாமல் மோட்டாரும் ஓடிக்கொண்டே இருந்தால் ரிப்பன் கேபிள் தலைகீழாகச் செருகப்பட்டிருக்கிறது. கேபிளின் நிற ஓரம் 1ஆம் ஊசிப் பக்கம் இருக்க வேண்டும். கொமடோர் 1541 மின்சாரம் கொடுத்ததும் ஒரு நொடி சுற்றி நிற்பதே முறை. நிற்காமல் சுற்றி, சிவப்பு விளக்கும் அணையவில்லை என்றால் அதன் உள்ளே இருக்கும் செயலி, ரோம், ராம் ஆகியவற்றின் பக்கம் தேடுங்கள்.

டபிள்யூடி-40 அடிக்கலாமா?

கூடாது. அது தெறித்து பெல்ட்டிலும் ஹெட்டிலும் படியும், சில மாதங்களில் பிசுபிசுக்கும்.

பிறகு கிரீஸை என்ன செய்வது?

ஹெட் நகரும் தண்டவாளத்திலும், வட்டை இறக்கி ஏற்றும் நெம்புகோல்களிலும் உள்ள பழைய கிரீஸ் மெழுகுபோல இறுகியிருக்கும். மேக்கின்டாஷ் டிரைவுகளில் இது பெரிய தொல்லை. வட்டை வெளியே தள்ள அவற்றில் தனி மோட்டாரே உண்டு. கிரீஸ் இறுகிப்போன நிலையில் அது தள்ளப் பார்க்கும்போது பிளாஸ்டிக் பற்சக்கரம் உடைந்துவிடுகிறது. பழைய மேக் கிடைத்தால் எல்லாவற்றுக்கும் முன் டிரைவைத் திறந்து கிரீஸைத் துடைத்துவிடுங்கள். புதிய லித்தியம் கிரீஸ் ஊசிமுனை அளவு போதும். வட்டைச் சுற்றும் அச்சின் பேரிங் மூடியிட்ட வகையாக இருந்தால் அதில் எதையும் விடாதீர்கள்.

8 அங்குல டிரைவையும் இப்படியே பார்க்கலாமா?

அதற்கு வேறு ஜாக்கிரதை வேண்டும். ஷுகார்ட் எஸ்ஏ800 போன்றவற்றில் வட்டைச் சுற்றும் மோட்டார் வீட்டு மின்சாரத்திலேயே நேரடியாக ஓடுகிறது. மூடியைத் திறந்தவுடன் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால், மின்விசிறிக்குச் செய்வதுபோல முதலில் கண்டன்சரைச் சந்தேகியுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்த டிரைவானால் அது 60 ஹெர்ட்ஸ் கப்பியோடு வந்திருக்கும். 50 ஹெர்ட்ஸில் ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். கப்பியையும் பெல்ட்டையும் மாற்றியாக வேண்டும். திருப்பிச் சரிசெய்ய அதில் எதுவும் இல்லை.

எல்லாம் பார்த்தாயிற்று. மோட்டாரேதான் போய்விட்டது என்று எப்போது முடிவு செய்யலாம்?

பெல்ட் வகை மோட்டாரைக் கழற்றி, கட்டுப்பாட்டுப் பலகையிலிருந்து பிரித்து, அதன் இரு முனைகளுக்கும் நேரடியாகக் குறைந்த வோல்ட் கொடுங்கள். சுற்றினால் பழுது பலகையில். சுற்றாமல், அச்சை விரலால் திருகும்போது மீட்டரில் தொடர்பு வருவதும் போவதுமாக இருந்தால் பிரஷ் தேய்ந்திருக்கிறது அல்லது கரி படிந்திருக்கிறது. அந்த நிலையிலும் சிலவற்றைத் திறந்து சுத்தம் செய்து எழுப்ப முடியும். முடியாதபோது, அதே மாதிரி டிரைவ் ஒன்றிலிருந்து மோட்டாரை மட்டும் எடுத்துப் போடுங்கள்.

மோட்டார் சரியாகிவிட்டது. அப்பாவின் வட்டுகளைப் போட்டுப் பார்க்கலாமா?

இன்று வேண்டாம். முதலில் உதவாத வட்டு ஒன்றைப் போட்டு அரை மணி நேரம் ஓட்டுங்கள். வெளியே எடுத்து, உள்ளிருக்கும் கறுப்புப் பரப்பை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். வட்டமான கீறல் தெரிந்தால் ஹெட்டில் அழுக்கு இருக்கிறது.

பிறகு அப்பாவின் வட்டுகளைப் பாருங்கள். கடலோர ஊர்களில் வைத்திருந்தவை என்றால் சாம்பல் நிறப் புள்ளிகளாகப் பூஞ்சை பிடித்திருக்கும். பூஞ்சை வட்டு மோட்டாரை இழுத்துப் பிடிக்கும், ஹெட்டை அடைக்கும், அடுத்துப் போடும் நல்ல வட்டையும் கீறும். அப்படிப்பட்டதைச் சுத்தம் செய்யாமல் டிரைவுக்குள் விடவே கூடாது.

வட்டில் தவறி எதுவும் எழுதப்படாமல் காக்கும் எழுத்துத் தடையையும் போட்டுவிடுங்கள். 5.25 அங்குல வட்டில் பக்கவாட்டு வெட்டை நாடாவால் மூட வேண்டும். 3.5 அங்குலத்தில் துளை திறந்திருக்க வேண்டும். 8 அங்குலத்தில் முறை தலைகீழ்: வெட்டு திறந்திருந்தால்தான் பாதுகாப்பு.

ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியர் என்னிடம் கொண்டுவந்த பெட்டியில் பதினோரு வட்டுகள் இருந்தன. அவர் திரட்டிய நாட்டுப்புறப் பாடல்கள், யூனிகோடுக்கு முந்தைய தமிழ் எழுத்துருவில். பாடிய பாட்டிமார்களில் ஒருவரும் இன்று இல்லை என்றார். அந்தப் பெட்டியை நான் மூன்று வாரம் தொடவில்லை. டிரைவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கோடுகள் குழல் விளக்கில் அசையாமல் நின்ற அன்றுதான் முதல் வட்டைப் போட்டேன். ஒவ்வொன்றையும் முழுப் படிமமாக ஒரே மூச்சில் நகலெடுத்துக்கொண்டு, கோப்புகளைப் பிரித்து எழுத்துருவை மாற்றும் வேலையை அந்த நகலில் செய்தேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள். மூல வட்டு டிரைவுக்குள் ஒரு முறைக்கு மேல் போக வேண்டியதில்லை.